‘அக்கா’ என்று எழுதியிருந்த கோப்பு: வன்னியிலிருந்து கனடாவுக்கு ஒரு துணைவி ஸ்பொன்சர்

இந்தக் கோப்பில் வரும் இரண்டு பெண்களை யாரும் தேட வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துக் கோப்புகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிற சிக்கல்களை ஒரு சோடியின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். சட்டமும் படிவமும் கட்டணமும் மட்டும் உள்ளது உள்ளபடி.

மூத்தவர் தருமபுரத்தில் வளர்ந்தவர். 2011 இல் கனடா போய், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, 2014 இல் நிரந்தர வதிவிடமும் 2018 தொடக்கத்தில் குடியுரிமையும் பெற்றவர். ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை. இளையவர் புதுக்குடியிருப்பில் முன்பள்ளி ஆசிரியை. 2018 வைகாசி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு மூத்தவர் ஊர் வந்தபோது பழக்கம். குடியுரிமை எடுத்த பிறகே வந்தது நல்ல காலம். அகதியாக ஏற்கப்பட்டவர் வெறும் நிரந்தர வதிவிடத்தோடு, இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்கு வந்து போனால், பாதுகாப்பு அந்தஸ்தோடு வதிவிடமும் பறிபோக இடமுண்டு. காதலுக்காக வந்து அப்படி மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

2019 மார்கழியில் மூன்று கிழமை வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் சேர்ந்து இருந்தார்கள். பிறகு கொரோனா. 2022 இல் இளையவர் கனடாவுக்கு வருகையாளர் விசா கேட்டார். திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லை என்று மறுத்தார்கள். அந்த மார்கழியிலிருந்து மீண்டும் ஐந்து கிழமை. 2023 நடுப்பகுதியில் விண்ணப்பம் போட்டார்கள், 2024 ஐப்பசியில் மறுப்புக் கடிதம் வந்தது.

எந்தக் கதவால் போவது

கனடாவில் குடும்பப் பிரிவில் துணையை எடுக்க மூன்று வழி. சட்டப்படி மணந்த துணை. பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக ஒரே வீட்டில் வாழ்ந்த துணை. மூன்றாவது, மணக்கவோ சேர்ந்து வாழவோ முடியாமல், ஆனால் குறைந்தது ஒரு வருடமாகத் தம்பதிகளைப் போன்ற உறவில் இருக்கிற வெளிநாட்டுத் துணை. 2005 யூலை 20 முதல் கனடா முழுவதும் ஒரே பாலினத் திருமணம் சட்டபூர்வம். ஆகவே மணமுடித்த சான்றிதழ் இருந்தால் ஆண்-பெண் சோடிக்கும் இவர்களுக்கும் படிவத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தச் சான்றிதழை எங்கே எடுப்பது என்பதுதான் பிரச்சினை.

இலங்கையில் இரண்டு பெண்கள் எழுத்து (திருமணப் பதிவு) எழுத முடியாது. அதற்கு மேல் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள். 365அ ஆரம்பத்தில் ஆண்களைப் பற்றியது; 1995 திருத்தத்தில் பால் வேறுபாடின்றி மாற்றப்பட்டதால் பெண்களும் உள்ளே வந்தார்கள். இரண்டு வருடம் வரை சிறை. இந்தப் பிரிவுகளை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் அதோடு போனது.

நிச்சயதார்த்த விசா என்று ஒன்று கனடாவில் இல்லை. 2002 இல் எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை விசா, பொம்பிளை விசா என்று ஊரில் இன்றும் பேசுவது பழைய ஞாபகம். அமெரிக்காவில் உண்டு, கடந்த இரண்டு வருடத்துக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும், போய்த் தொண்ணூறு நாளுக்குள் மணமுடிக்க வேண்டும். பிரித்தானியாவில் ஸ்பொன்சரின் வருமானம் 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண். அங்கே இரண்டு வருட உறவைக் காட்டினால் மணமாகாத துணையாகவும் போகலாம். லண்டனிலோ சூரிச்சிலோ துணை இருப்பவர்கள் கனடாக் கதையை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

ரொறன்ரோவில் ஒரு முகவர் இவர்களுக்குச் சொன்ன வழி ‘சூம் கலியாணம்’: அமெரிக்க மாநிலம் ஒன்றில் இணையவழியே பதிந்து சான்றிதழ் எடுப்பது. கனடாக் குடிவரவுக்கு அது கடதாசிதான். 2015 யூன் 11 முதல், மணமக்களில் ஒருவராவது சடங்கில் நேரில் இல்லாமல் தொலைபேசி, தொலைநகல், இணையம், பதிலாள் மூலம் முடித்த திருமணத்தை எடுக்க மாட்டார்கள். இவர்கள் காசு கட்டுவதற்கு முன் கேட்டதால் தப்பினார்கள்.

எனவே மூன்றாவது கதவு. இதில் பலர் தவறவிடும் ஒரு வரி கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதி 1(2) இல் இருக்கிறது. ஒரு வருடத் தம்பதி உறவில் இருந்தும், துன்புறுத்தலாலோ தண்டனைச் சட்டக் கட்டுப்பாட்டாலோ சேர்ந்து வாழ முடியாதவரை, சேர்ந்து வாழ்ந்த துணையாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. 365அ இருக்கும் நாட்டவருக்கென்றே எழுதினது போல. முதல் விண்ணப்பத்தில் அந்த வரி ஓரிடத்திலும் இல்லை. இரண்டையும் மாற்றுவாதமாக எழுதியிருக்க வேண்டும்: முதலில் 1(2), அது ஏற்கப்படாவிட்டால் தம்பதி உறவுத் துணை.

வித்தியாசம் பெயரில் மட்டும் இல்லை. பொய்த்தகவல் காரணமாக மறுத்தால், மணந்த துணைக்கும் சேர்ந்து வாழ்ந்த துணைக்கும் மேன்முறையீட்டு உரிமை உண்டு. தம்பதி உறவுத் துணைக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் 1(2) இன் கீழ் போகும்போது தொடக்கத் திகதி கத்தி மாதிரி. ஸ்பொன்சர் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளுக்கு முன்பே அந்த ஒரு வருடம் நிறைந்திருந்தால், அப்போதே துணை என்று அறிவித்திருக்க வேண்டும்; அறிவிக்காதவரை அதே ஒழுங்குவிதியின் 117(9)(ஈ) பிரிவு குடும்ப வகுப்பிலிருந்தே தள்ளிவிடும். ‘நாங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்தே’ என்று உறவை நீட்டி எழுதினால் பலம் என்று நினைப்பவர்களுக்கு இது தெரியாது. அகதியாக ஏற்கப்பட்டவர்கள் போன்ற சிலருக்கு 2019 செப்டெம்பரில் ஒரு தற்காலிக விலக்குக் கொள்கை வந்தது, ஆனால் அதை நம்பிக்கொண்டு திகதி எழுதுவது புத்தியில்லை. நம் சோடி 2018 இல்தான் சந்தித்தார்கள் என்பதால் இந்தப் பொறி அவர்களைப் பிடிக்கவில்லை.

மறுப்புக் கடிதம் சொன்னது

மூன்று காரணம். உறவு தொடங்கிய நாள் இருவர் படிவத்திலும் வேறு. ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வதற்கு ஆதாரம் போதாது. மூன்றாவது, உறவின் தன்மையே தெளிவில்லை: அரட்டைகளில் விண்ணப்பதாரி ஸ்பொன்சரை ‘சகோதரி’ என்று அழைக்கிறார், இருவரும் இரத்த உறவினரா?

மூன்றாவதிலிருந்து தொடங்குவோம். இளையவர் மூத்தவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். ஐந்து வயது மூத்த பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்தால் அடுத்த அறையிலிருக்கும் அம்மா திரும்பிப் பார்ப்பார். ‘அக்கா சாப்பிட்டியளோ’ என்றால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். அந்தச் சொல் மரியாதை, மறைப்பு, கொஞ்சல் மூன்றும். மொழிபெயர்ப்பாளர் அகராதிப்படி ஆங்கிலத்தில் ‘சகோதரி’ என்று போட்டார். ஐந்தாறு பக்கத்தில் நாற்பது தடவை. அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. இப்படியான சொல்லை ‘அக்கா’ என்றே ஆங்கில எழுத்தில் விட்டு, முதல் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுத வேண்டும்: தமிழில் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அழைக்கும் சொல், இரத்த உறவைக் குறிக்க வேண்டியதில்லை என்று. இரு பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ்களும் பெற்றோர் வேறு என்று காட்டும். அண்ணை, தம்பி என்று அழைக்கும் ஆண் சோடிகளுக்கும் இதே விதி.

மொழிபெயர்ப்பை விண்ணப்பதாரியோ குடும்பத்தினரோ செய்ய முடியாது. வெளியாள் ஒருவர் வாசிக்கத்தான் வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கச்சேரிக்கு எதிரே இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கலாம், அரட்டையைக் கொடுக்க வேண்டாம். அது கொழும்பிலோ ரொறன்ரோவிலோ நடக்கட்டும்.

அழிந்துபோன ஆதாரம்

இளையவரின் தொலைபேசி வீட்டில் தங்கை கையிலும் இருக்கும், மாமியின் பிள்ளை கேம் விளையாடவும் எடுக்கும். ஆகவே வட்ஸ்அப்பில் முதலில் கையால் அழித்து வந்தார்கள்; 2020 கடைசியில் மறையும் செய்தி வசதி வந்ததும் அதைப் போட்டார்கள், ஏழு நாளில் தானாக அழியும்படி. பாதுகாப்புக்கு அது சரி. கோப்புக்கு அதுதான் அடி. 2018 முதல் 2022 வரையான நாலு வருடத்தில் கையில் மிஞ்சியது மூன்று கிழமைச் செய்தி.

மாற்று ஏற்பாடு எளிது. மறையும் செய்தியைப் போட்டால் இரு பக்கத்துத் திரையிலும் அழியும். ஆகவே அழியுமுன் கனடாவில் இருப்பவர் கிழமைக்கொருமுறை அரட்டையை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வைக்க வேண்டும். ஊரில் இருப்பவரின் தொலைபேசி வெறுமையாக இருக்கலாம். படங்களோடு ஏற்றினால் பத்தாயிரம் செய்தி, படமில்லாமல் நாற்பதாயிரம் வரை ஒரு தடவையில் வரும். அனுப்பும்போது மூட்டை கட்டத் தேவையில்லை. சரிபார்ப்புப் பட்டியல் கேட்பது தொடர்பாடலுக்குப் பத்துப் பக்கமளவும் படம் இருபது வரையும்தான். வருடத்துக்கு இரண்டு பக்கம், ஒரு சண்டை, ஒரு காய்ச்சல், ஒரு காசுக் கணக்கு. ‘ஐ லவ் யூ’ நூறு பக்கத்தை விட ‘யூரியா விலை ஏறிட்டுதாம், அப்பாவுக்கு இருபதாயிரம் போட்டனான்’ என்ற ஒரு வரி கூடப் பேசும்.

காசு இன்னொரு ஓட்டை. மூத்தவர் மாதா மாதம் அனுப்பினார், ஆனால் வங்கியில்லாமல் ஆள்மாற்றிக் கொடுக்கும் உண்டியலில். உண்டியலில் துண்டு வராது. வந்தாலும் காட்ட முடியாது. சில மாதம் இளையவரின் அண்ணன் கணக்குக்குப் போனது. அதிகாரி கண்ணுக்கு அது குடும்ப நண்பர் உதவி. மறுப்புக்குப் பிறகு இளையவர் தன் பெயரில் கணக்குத் திறந்தார், சிறு தொகையானாலும் வங்கி வழியே நேரே அங்கு வந்தது. அதோடு மூத்தவர் வேலைத்தல ஆயுள் காப்புறுதியில் இளையவரைப் பயனாளியாகப் போட்டார், ‘உறவு’ என்ற இடத்தில் ‘துணைவி’ என்று எழுதி. காசில்லாத வேலை, அரை மணித்தியாலம். முதல் விண்ணப்பத்திலேயே இது இருந்திருந்தால் என்று இன்றும் தோன்றும்.

லொட்ஜ் பில்லைப் பாருங்கள். இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் ஓர் அறை எடுத்தால் வெள்ளவத்தையில் ஒருவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆண்-பெண் சோடிக்கு இல்லாத வசதி இது. ஆனால் பில் மூத்தவர் பெயரில் மட்டும், ‘ஆட்கள்: 2’. அந்த இரண்டாமவர் யார்? 2019 பில் அப்படியே போனது. 2022 இல் பதிவேட்டில் இருவர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு இலக்கமும் எழுதுவித்து, பில்லில் இரண்டு பெயரும் கேட்டு வாங்கினார்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

திகதிப் பிரச்சினை படிவத்தை இருவரும் தனித்தனியே நிரப்பியதால் வந்தது. உறவு விபரக் கொத்தான ஐஎம்எம் 5532 இல் இளையவர் எழுதியது 2018 மே, முதல் கண்ட நாள். மூத்தவர் எழுதியது 2019 மார்கழி, சேர்ந்து இருந்த நாள். இரண்டும் உண்மை. முதல் சந்திப்பு ஒன்று, தம்பதி உறவு தொடங்கியது இன்னொன்று, இரண்டையும் இருவரும் ஒரே மாதிரிப் பிரித்து எழுத வேண்டும். தம்பதி உறவு எதுவென்பதற்குக் கனடா உச்ச நீதிமன்றம் 1999 இல் எம். எதிர் எச். வழக்கில் அளவுகோல் சொன்னது: ஒரே கூரை, அந்தரங்கம், ஒருவருக்கொருவர் செய்யும் வேலை, சமூகத்தில் சேர்ந்து பழகுதல், ஊர் அவர்களைப் பார்க்கும் விதம், பொருளாதாரத் துணை, பிள்ளைகள். எல்லாம் இருக்க வேண்டுமென்றில்லை. அந்த வழக்கே இரண்டு பெண்களின் வழக்குத்தான்.

‘ஊர் பார்க்கும் விதம்’ என்ற இடத்தில் வன்னிக் கோப்புகள் வெறுமையாக விடப்படுகின்றன. உறவு பற்றிக் குடும்பத்துக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு இவர்கள் ‘இல்லை’ என்று மட்டும் எழுதினார்கள். அந்த ஒற்றைச் சொல்தான் கோப்பைச் சந்தேகமாக்கியது. ஏன் தெரியாது, தெரிந்தால் என்ன நடக்கும், யாருக்குத் தெரியும் என்று ஒரு பக்கம் வேண்டும். இளையவருக்கு 2021 இலிருந்து மூன்று பேச்சுக்கால். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் போனதும், சாதகம் பொருந்தவில்லை என்று அவரே சாத்திரியாரைச் சொல்ல வைத்ததும் மூத்தவருக்கு அதே இரவு அனுப்பிய செய்தியில் இருந்தது. மறைத்து வாழ்ந்ததற்கு அதுவே சாட்சி. கூட, 365அ இன் வாசகம், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியதற்காக இலங்கைக்கு எதிராக ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்சம் ஒழிக்கும் குழு 2022 இல் ரொசானா பிளேமர்-கல்டேரா முறைப்பாட்டில் எடுத்த முடிவு, நம்பிக்கையான ஒரு தோழியின் சத்தியக்கடதாசி.

ஒன்றை இங்கே உரக்கச் சொல்ல வேண்டும்: நெருக்கடிக்காக எழுத்துக்கு மட்டும் சம்மதித்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் சடங்குக்கு மாதக்கணக்கு முன்பே பதிவு எழுதுவது வழமை. ‘எழுத்துத்தானே, பிறகு பார்ப்பம்’ என்று கையெழுத்து வைத்தால் சட்டப்படி மணமானவர். இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குப் பிறர்மனை சேர்தல், வன்மமாகக் கைவிடல், மணமுடிக்கும்போதே இருந்த தீராத பாலுறவு இயலாமை என்ற மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றில் நிரூபிக்க வேண்டும். சும்மா பிரிய வழியில்லை.

வன்னிக் கடதாசிகள்

இளையவரின் பிறப்புச் சான்றிதழ் 2009 இறுதிப் போரில் மாத்தளனில் தொலைந்தது. பிரதேச செயலகத்தில் எடுத்த பிரதியில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தில் அடையாள அட்டையோடு முரண். ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து இரண்டையும் சேர்த்து வைத்தால் போதும், திருத்தம் செய்ய ஓடத் தேவையில்லை.

பொலிஸ் நற்சான்றிதழ் கொழும்புத் தலைமையகத்தில் விண்ணப்பித்தாலும் விசாரணை உள்ளூர் நிலையத்துக்கு வரும். விண்ணப்பம் போடும் நாளுக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், ஆகவே கடைசியாக எடுப்பது. வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன பதில் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தூதரகத் தொடர்புக்கு வீட்டு முகவரியை விட, பிறர் திறக்க முடியாத மின்னஞ்சல்.

பின்னணிப் படிவம் ஐஎம்எம் 5669 இல் பத்து வருட வரலாற்றில் ஒரு மாதமும் விடுபடக் கூடாது. அமைப்பு உறுப்புரிமையும் தடுத்து வைக்கப்பட்டதும் பற்றிய கேள்விகளுக்குக் கால எல்லை கிடையாது. செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்ததை ஒளிக்க ஒன்றுமில்லை. இடம்பெயர்ந்தோர் முகாம், குற்றச்சாட்டு இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். வீட்டுக்கொருவர் என்று புலிகளால் பிடித்துப் போகப்பட்டவர்கள், போருக்குப் பின் அரசின் புனர்வாழ்வு முகாமுக்குப் போய் வந்தவர்கள் விஷயம் வேறு. கனடா 2006 ஏப்ரலில் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது, குடிவரவுச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு உறுப்பினரைத் தடுக்கும். எத்தனை வயது, எத்தனை நாள், எப்படிப் பிடித்தார்கள் என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். ஒளித்துப் பிடிபட்டால் பொய்த்தகவலுக்கு ஐந்து வருடத் தடை தனியாக வரும். நம் இளையவர் பிடிபடவில்லை, அண்ணன் பிடிபட்டார். அதையும் எழுதினோம்; சகோதரரின் பெயர் குடும்ப விபரப் படிவத்தில் எப்படியும் இருக்கிறது.

கட்டணம் சிறு விஷயம். 2024 ஏப்ரல் 30 இல் ஸ்பொன்சர், பரிசீலனை, வதிவிட உரிமை எல்லாம் சேர்த்து 1,205 டொலர் ஆனது, கைரேகைக்கு 85. இரண்டு வருடத்துக்கொருமுறை ஏறும். மறுத்தால் வதிவிட உரிமைப் பங்கு (அப்போது 575) திரும்பி வரும். துணைக்கு வருமான எல்லை கிடையாது, மூன்று வருடப் பொறுப்பு எடுக்க வேண்டும்.

முப்பது நாள்

மறுப்புக் காரணங்கள் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் ஸ்பொன்சர்தான் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும், விண்ணப்பதாரி அல்ல. புதிதாக விண்ணப்பம் போடலாமே என்று மூத்தவர் நினைத்தார். நாங்கள் மேன்முறையீட்டுப் பக்கம். அங்கே முதல் அதிகாரியிடம் இல்லாத ஆதாரத்தையும் வைக்கலாம். இவர்கள் கோப்பில் குறைந்தது உறவு அல்ல, ஆதாரம். விசாரணைகள் பொதுவாகத் திறந்தவை, ஆனால் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தென்றால் குடிவரவுச் சட்டத்தின் 166 ஆம் பிரிவில் இரகசியக் கட்டளை கேட்கலாம். முதல் கடிதத்திலேயே கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்விக்கு இளையவர் தமிழ் என்றே போட்டு, ஊர்த் தொடர்பு இல்லாதவராக இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டார்.

இதற்கிடையில் ஒரு புதுச் சிக்கல். 2025 ஜனவரி 22 இல் தாய்லாந்தில் ஒரே பாலினத் திருமணம் நடைமுறைக்கு வந்தது. மேன்முறையீட்டில் எதிர்த்தரப்பான கனடாக் குடிவரவு அமைச்சரின் தரப்புச் சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி: பாங்கொக் போய் மணமுடித்திருக்கலாமே? உண்மையில், ஒழுங்குவிதியின் வரைவிலக்கணம் கேட்பது ஒரு வருட உறவையும் வெளிநாட்டில் வசிப்பதையும்தான். ‘மணக்க முடியாத தடை’ என்பது அதிகாரிகளின் வழிகாட்டியில் உள்ளது. ஆனாலும் கேள்விக்குப் பதில் வேண்டும். தாய்லாந்துப் பதிவு அலுவலகம் வெளிநாட்டவரிடம் கேட்பது, மணக்கத் தடையில்லை என்று அவரவர் தூதரகம் தரும் கூற்று. அதைத் தாய் மொழியில் பெயர்த்து வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். கனடியருக்குக் கிடைக்கும். தன் நாட்டில் குற்றமான உறவுக்குத் தன் நாட்டுத் தூதரகத்தில் போய் நின்று இந்தக் கூற்றைக் கேட்பதென்றால், ஊருக்குத் தெரியாமல் காத்ததைத் தானே அரசுக்கு எழுதிக் கொடுப்பது. இளையவரின் சத்தியக்கடதாசி இதை நாலு வரியில் சொன்னது, 2022 விசா மறுப்புக் கடிதம் கூட வைக்கப்பட்டது.

முழு விசாரணைக்குப் போகவில்லை. மாற்றுத் தீர்வுக் கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம். இருவரையும் தனித்தனியே கேட்டார்கள்: மற்றவர் கடைசியாக எதற்கு அழுதார், தேத்தண்ணிக்கு எத்தனை சீனி, வங்கிக் கணக்கு எந்தக் கிளை. அமைச்சரின் தரப்பு இணங்கியது, மேன்முறையீடு அனுமதிக்கப்பட்டது.

அது விசா அல்ல. கோப்பு மறுபடி விசா அலுவலகத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மருத்துவம் பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகியிருந்தது, நற்சான்றிதழும் பழசு. இளையவர் இரவு பஸ்ஸில் கொழும்பு போய் மருத்துவம் செய்தார். நற்சான்றிதழுக்கு இம்முறையும் உள்ளூர் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, கனடாவில் யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். முற்றத்தில் அம்மாவும் நின்றார்.

‘அக்கா’ என்றார் இளையவர்.